சாலையைக் கடக்க வழி கேட்பது எப்படி?

மலேசியாவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எதிர்ப்பக்கம்தான் தமிழ்ப்பள்ளி, கோயில், கிளினிக் எல்லாம். நடுவில் ஓடும் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் வீட்டுச் சன்னல் அதிரும். "கடக்கக் கோடு போடச் சொல்லி மனு கொடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். யாரிடம் கொடுப்பது, என்ன எழுதுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

1. ஒரு மணி நேரம் நில்லுங்கள்

ஊர் முழுவதையும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அங்கே நின்று, கடப்பவர்களை எண்ணுங்கள்: பிள்ளைகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை. அப்புறம் கைப்பேசியில் நேரம் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கடக்க 11 விநாடி ஆனது. கூட்டரசு (மத்திய அரசு), மாநிலச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். 11 விநாடியில் கார் 275 மீட்டர் ஓடிவிடும். எங்கள் வளைவு அதைவிடப் பக்கம். பாட்டி காலெடுத்து வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத கார், அவர் கரை சேருமுன் வந்துவிடும். மனுவில் இந்தக் கணக்கை முதலில் எழுதுங்கள்.

2. சாலை யாருடையது?

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். முதல் மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்து, "இது எங்கள் சாலை இல்லை" என்ற பதிலுக்கு மூன்று மாதம் காத்திருந்தோம்.

சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை. பேராக்கில் தாப்பா, சுங்கை சிப்புட் ஊர்கள் வழியாகப் போகும் சாலையின் எண் 1. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்குக்கு A, சிலாங்கூருக்கு B. இரண்டுக்குமே மாவட்ட ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) அலுவலகத்துக்குப் போங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) உள்சாலை என்றால் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் சாலைக்கு நிர்வாகிதான்.

3. என்ன கேட்பது?

வெள்ளைக் கோடு மட்டும் போதும் என்று எழுதிவிடாதீர்கள். வேகம் குறையாத சாலையில் கோடு வெறும் பெயின்ட். அதை நம்பிப் பிள்ளைகள் இறங்கிவிடுவதுதான் ஆபத்து. முதலில் வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள்: எச்சரிக்கைப் பலகை, வண்டி தடதடக்கும் மஞ்சள் குறுக்குக் கோடுகள், பள்ளி வட்டாரத்துக்கான 30 கிலோமீட்டர் வரம்பு. அடுத்து விளக்கு, அப்புறம் கடக்கும் கோடு. ஓரத்துப் புல்லை வெட்டுவதையும், கால்வாய்மேல் பலகை போடுவதையும் தனி மனுவாகக் கொடுங்கள். சின்ன வேலை, சீக்கிரம் நடக்கும்.

4. மனு

மலாயில், ஒரே பக்கம். கிலோமீட்டர் கல்லின் எண், கூகுள் மேப் இடக்குறி, இரண்டு படங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதத் தாளில் போனால் மதிப்பு கூடும். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். குழி, பள்ளம் என்றால் மைஜாலான் என்ற அரசாங்கச் சாலைப் புகார் செயலியிலேயே புகார் செய்யலாம்.

5. வந்து பார்க்கச் சொல்லுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், சண்டை வேண்டாம். அதிகாரி காலை 11 மணிக்கு வருகிறேன் என்பார். அப்போது சாலை காலியாகத்தான் கிடக்கும். 7 மணிக்கு வரச் சொல்லுங்கள். பாட்டியையும் அழைத்துப் போங்கள். அவர் நடையிலேயே அதிகாரியும் ஒருமுறை கடக்கட்டும்.