ரசிகர் உருவப்பட வீடியோ: முதலில் அந்த ஸ்பீக்கரை அணையுங்கள்

பெங்களூரில் வீடியோ கலை பழக வரும் நம் பிள்ளைகளுக்கு தென்னாப்பிரிக்க வீடியோ கலைஞர் கேண்டிஸ் பிரெய்ட்ஸின் வேலையைப் போட்டுக் காட்டினால் போதும். அடுத்த வாரமே ஸ்ரீராமபுரத்தில் ராஜா ரசிகர்கள் நாலு பேரைப் பிடித்துவிடுவார்கள். பிரெய்ட்ஸ் 2005-இல் பெர்லினில் மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் 16 பேரைத் தனித்தனியாக ஸ்டூடியோவில் நிறுத்தி, ‘திரில்லர்’ ஆல்பத்தை முழுசாகப் பாட வைத்தார். ஆளுக்கொன்றாக 16 திரைகள் ஒரே நேரத்தில் ஓடும், 42 நிமிடம். ஜாக்சன் குரல் எங்கேயும் கிடையாது. ஆனாலும் அதை ஜாக்சனின் உருவப்படம் என்றுதான் சொல்கிறார்.

லென்ஸைத் துடை, சார்ஜ் போடு என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. இதுபோல எடுக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அண்மையில் ஒரு தம்பி, அல்சூரில் ஒரு மாடியில் ஏழெட்டுப் பேரைப் பாட வைத்து எடுத்து வந்தார். ஆட்டோ ஓட்டுபவர், லேத் பட்டறைக்காரர், ஒரு நர்ஸ் அக்கா, எல்லாரும் அரைநாள் சம்பளத்தை விட்டு வந்தவர்கள். தம்பியோ புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டிருக்கிறார். மைக்கில் எஸ்.பி.பி.யும் ஏறிவிட்டார்.

“எடிட்ல எடுத்துடலாம்ல அண்ணா?”

முடியாது. குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் பாடும் இரண்டு குரல்களை அது சேர்த்தேதான் தூக்கும். போதாக்குறைக்கு, ஒலி மூன்று மீட்டர் வர ஏறக்குறைய 9 மில்லி செகண்ட் ஆகும். ஸ்பீக்கர் ஆளுக்கு ஆள் இடம் மாறியிருந்தால், எஸ்.பி.பி. குரல் ஒவ்வொரு பதிவிலும் கொஞ்சம் முன்பின்னாக விழும்; எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும்போது குழாய்க்குள் பேசினாற்போலக் கேட்கும்.

அதைவிட மோசம், பாடுகிறவர் நட்சத்திரத்தின் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. பாட்டு காதில் மட்டும் கேட்கட்டும். சத்தம் வெளியே கசியாத மூடிய வகை ஹெட்போன், குறைந்த சத்தம். அப்போதுதான் சுருதி விலகும், மூச்சு வாங்கும், சரணத்தில் வரி மறந்து கண் தவிக்கும். நமக்கு வேண்டிய முகமே அதுதான்.

மறுபடி கூப்பிட்டதற்கு நர்ஸ் அக்காவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. ஆட்டோக்காரர் வந்தார். ஆனால் வீட்டில் பழகிவிட்டு வந்து, போட்டியில் பாடுவதுபோலப் பாடினார். முதல் தடவை இருந்த ஆள் அதில் இல்லை.

இடையிசையை வெட்டுவது

நம் ரசிகர் வயலின் வரும் இடத்தையும் வாயாலேயே வாசிப்பார், தபேலாவைத் தொடையில் தட்டுவார். சிலர் சும்மா நின்று காத்திருப்பார்கள். அதையும் விடாதீர்கள். ஆல்பமோ பாட்டோ, முழுசாக ஓடட்டும்.

போனின் ஃபிரேம் ரேட்

நொடிக்கு எத்தனை படம் பதிவாகிறது என்ற கணக்கு இது. பல போன்களில் அது தானாக ஏறி இறங்கும். அரைமணி நேரப் பதிவில் வாயும் குரலும் விலகிவிடும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டும் ஆப்பில் 25 வைத்து எடுங்கள். படத்தையும் ஒலியையும் பொருத்திப் பார்க்கத் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் இன்னொன்று.

வேஷம்

அவர்கள் இஷ்டம்.

சிரிப்பு வரும் துண்டுகளை மட்டும் கோப்பது

செய்யாதீர்கள்.

உரிமை

அசல் குரலை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை; மெட்டுக்கும் வரிக்கும் வேறு உரிமை. இங்கே மெட்டும் வரியும் படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமையில் இருக்கும். காட்சிக்கு வைக்கும் முன் அனுமதிக்கு எழுதுங்கள். பாடியவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டியது படப்பிடிப்புக்கு முன்னால்.