நரம்பாலி: விதையிலிருந்து நடவு வரை

தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இன மரம் நரம்பாலி. இனம்தான் ஊசியிலை, இலை அகன்று தடித்திருக்கும், நடுநரம்பு இருக்காது, மெல்லிய நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். தாவரவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. பழைய ஏடுகளில் போடோகார்பஸ் என்று தேட வேண்டும். அகத்தியமலை, பெரியாறு பக்கத்துப் பசுமைமாறாக் காடுகளில் அங்கொன்று இங்கொன்றாக நிற்கிறது. பெரும்பாலும் அவை பாதுகாக்கப்பட்ட காடுகள் என்பதால் விதை பொறுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

புதிதாக உதிர்ந்த விதையையே எடுங்கள். சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஈரம் வடியவிட்டு, ஓரிரு நாளில் விதைத்துவிடுங்கள். நெல்லைப்போல் காயவைத்துச் சேமித்தால் உயிர் போய்விடும். இலைமட்கு 2 பங்கு, மணல் 1 பங்கு, செம்மண் 1 பங்கு கலந்து நாற்றுத் தட்டில் நிரப்பி, ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைப்பு மெதுவானது, ஒரே சீராகவும் வராது. தட்டைச் சீக்கிரம் கொட்டிவிடாதீர்கள். நீர் தேங்கினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். பாதிக்கு மேல் நிழல் தரும் வலை வேண்டும்; நேர்வெயில் பட்டால் இளந்தளிர் கருகும்.

பை மாற்றும்போது வேரில் மணிமணியாக, ஏறக்குறைய ஒரே அளவில், வரிசையாகச் சிறு முடிச்சுகள் தெரியும். நூற்புழு என்று பயந்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. இந்தக் குடும்ப மரங்களுக்கு அது இயல்பு. உள்ளே மரத்துக்குத் துணையான வேர்ப்பூஞ்சை குடியிருக்கிறது. நூற்புழு தாக்கினால் வேரே தாறுமாறாக வீங்கும். பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் அந்தத் துணையும் போகும். மாறாக, நாற்றங்காலில் நன்றாக வளர்ந்த நரம்பாலியின் பை மண்ணில் ஒரு பிடி சேர்த்தால் நல்லது.

விதைக்குப் பதில் குச்சி வெட்டி நடுவதானால் நேராக ஏறும் நுனியில் வெட்டுங்கள். பக்கக்கிளைக் குச்சி வேர்விட்டாலும் படுக்கைவாட்டில்தான் வளரும், மரமாக நிமிராது.

மழை பிடித்து மண் நனைந்தபின், பெருமரங்களின் சிதறிய நிழலில் 45 செ.மீ. குழியில் நடுங்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கன்றில் அடையாளம் தெரியாது. மகரந்தம் காற்றில் வருவதால் தனியாக நட்ட கன்று பெண்ணாக இருந்தாலும் விதை தராமலே நிற்கும். ஆறேழு கன்றுகளை அருகருகே, நாலைந்து மீட்டர் இடைவெளியில் நடுவதே சரி.