சின்ன சர்வருக்கு எவ்வளவு பேண்ட்வித் வேண்டும்? தோவாளை பூ விலைப் பக்கத்தை வைத்து ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை சந்தையில் பிச்சி, மல்லி, கேந்தி எல்லாம் அன்றன்றைக்கு என்ன விலை என்று படத்தோடு போடும் சின்னத் தளம் ஒன்று நடத்துகிறேன். போன ஓண சீசனில், பூக்களம் தொடங்கும் அத்தத்தன்று காலை ஐந்து மணிக்கு, கேரளத்துக்குப் பூ ஏற்றுகிற நேரம் பார்த்துப் பக்கம் படுத்துவிட்டது. "படம் பாதியிலேயே நிக்குது" என்று களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டுச் சொன்னார். சர்வருக்குக் கொடுத்த மாத டேட்டா ஒதுக்கீட்டில் பாதிகூடத் தீரவில்லை. அந்த வாரம் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. பேண்ட்வித் என்று இங்கே இரண்டைச் சொல்கிறேன்: மாதம் முழுக்கப் போகும் டேட்டா, நொடிக்குப் போகும் வேகம்.

முதலில் பக்கத்தின் எடை. குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் கேஷை (பிரவுசர் முன்பே சேமித்து வைத்ததை) முடக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கீழே 'டிரான்ஸ்ஃபர்டு' என்று வரும் எண்ணை எடுங்கள், பக்கத்திலிருக்கும் 'ரிசோர்சஸ்' எண் வேண்டாம், அது சுருக்கத்தைப் பிரித்த பிறகு வரும் அளவு. எனக்கு 2.4 எம்பி.

அடுத்து மாதக் கணக்கு. தினம் 600 பேர், ஆளுக்கு 2 பக்கம், 2.4 எம்பி: ஒரு நாளுக்கு 2.88 ஜிபி, 30 நாளுக்கு 86 ஜிபி. பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) வந்து மேய்வதற்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு, 130 ஜிபி என்று வையுங்கள்.

இனிமேல்தான் நான் தடுக்கி விழுந்த இடம். ஓண வாரத்தில் காலை 5 முதல் 6 மணிக்குள் மட்டும் 1,500 பக்கம் திறக்கிறார்கள். 1,500 × 2.4 = 3,600 எம்பி, ஒரு மணி நேரம் என்பது 3,600 நொடி, ஆக நொடிக்கு 1 எம்பி. என் சர்வருக்கு வேகம் 5 என்று போட்டிருந்தார்கள், தாராளம் என்று இருந்துவிட்டேன். அந்த 5, நொடிக்கு 5 மெகாபிட். நாம் போட்ட கணக்கு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட், அதனால் எனக்குத் தேவை 8 மெகாபிட். அதுவும் சராசரி. கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்த ஐந்து நிமிடத்துக்குள் திறப்பார்கள், ஆகவே மூன்று மடங்கு, 24 மெகாபிட் இருந்தால்தான் தாங்கும்.

சரி, காசு. சீசன் கூட்டத்துக்கும் இடம் விட்டு, மாதம் 300 ஜிபி வெளியே போகிறது என்று வைப்போம். நான் பார்த்தபோது டிஜிட்டல் ஓஷனின் 4 டாலர் சர்வரிலேயே 500 ஜிபி அடக்கம். அமேசான் மும்பையில் முதல் 100 ஜிபி இலவசம், அப்புறம் ஜிபிக்கு 0.1093 டாலர், அதாவது மீதி 200 ஜிபிக்கு ஏறக்குறைய 22 டாலர், சர்வர் வாடகை தனி. இரண்டுக்கும் மேல் 18% ஜிஎஸ்டி. சின்னத் தளத்துக்கு, டேட்டாவையும் சேர்த்து ஒரே விலை சொல்லும் இடமே நல்லது என்பேன்.

காசு கட்டும் முன் படங்களைக் குறையுங்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் 1,200 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினேன், பக்கம் 700 கேபிக்கு இறங்கிவிட்டது. மல்லி மொட்டு விரிந்ததா இல்லையா என்பது இப்போதும் தெளிவாகத் தெரிகிறது, வியாபாரிக்கு அது போதும்.

அளந்து பார்க்க, சர்வரில் வருகிற போகிற டேட்டாவை எண்ணும் விஎன்ஸ்டாட் என்ற சின்ன மென்பொருள் ஒன்றே போதும். படம் வரைந்து காட்டும் பெரிய பேனல்கள் சின்ன சர்வரின் மெமரியைத் தின்றுவிடும்.

பின்சேர்க்கை: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் எழுதும் லாகில் (பதிவேட்டில்) பத்தாவது நெடுவரிசையைக் கூட்டினால் விஎன்ஸ்டாட் எண்ணோடு ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒத்துவராது. லாக், சர்வர் அனுப்பிய பக்கத்தின் அளவை மட்டும் எழுதும், விஎன்ஸ்டாட்டோ உள்ளே வருவது, பேக்கப், அப்டேட் எல்லாவற்றையும் எண்ணும். பில்லோடு ஒப்பிட விஎன்ஸ்டாட்டில் டிஎக்ஸ் (வெளியே போவது) என்ற நெடுவரிசையை மட்டும் எடுங்கள்.