நீலத்திரையில் சிக்கிய வைஃபை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காவின் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது, அதனால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ரேம் 4 ஜிபிதான் என்பதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் வரவில்லை.

அந்த வைஃபை சில்லுக்குத் தனி டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும். இணையமே இல்லாமல் அதை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால், போனின் இணையத்தை மின்ட் உடனே எடுத்துக்கொள்கிறது. மின்ட்டின் டிரைவர் மேனேஜர் பரிந்துரைத்ததை நிறுவினேன்.

அப்புறமும் வைஃபை இல்லை! செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் வசதி) இயங்கும்போது, கணினி நம்பும் கையொப்பம் இல்லாத டிரைவர் மாட்யூலை லினக்ஸின் மையமான கெர்னல் ஏற்காது. டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியைக் கணினி நம்பும்படி பதிய வேண்டும், அதனால்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது. ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அக்கா அதைப் பிழை என்று நினைத்து 'கன்டினியூ பூட்' தட்டிவிட்டார். (யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அவ்வளவு மோசமான திரை.) மோக்யூடில் கட்டளையால் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பி, நீலத்திரையில் ஒப்புதல் தந்ததும் வைஃபை வந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, கையோடு ஃபயர்ஃபாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸையும் (தளப் பெயர்த் தேடலை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி) போட்டேன்.

"இனிமே நான் எதைப் பார்க்கிறேன்னு இணையக்காரருக்குத் தெரியாதா, தம்பி?"

"பெயர் தேடுவது தெரியாதுக்கா. எந்த சர்வருக்குப் போறீங்கன்னு தெரியும்."