பழைய லேசர் படகு வாங்கப் போகிறீர்களா? முதலில் தூக்கிப் பாருங்கள்

பழைய ஃபைபர் பாய்ப்படகைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மயங்குவது பளபளப்பில்தான். விற்கிறவருக்கும் அது தெரியும். முந்தைய நாளே கார் பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். சென்னைத் துறைமுகப் பக்கம் பழைய லேசர் எதுவும் விலைக்கு வந்தால், பாய்ப்படகு ஓட்டும் பையன்கள் "அண்ணே, ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் மேல்பூச்சைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஃபைபர் படகைக் கெடுப்பது உள்ளே தங்கும் தண்ணீர். அது எப்படிப் போகிறது, எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

லேசர் ஒருவர் ஓட்டும் 4.2 மீட்டர் படகு. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியலும் இதே ஹல்தான் (படகின் உடல்), பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும் சிறியவை. எல்லாம் ஒரே வடிவத்தில் வார்ப்பதால் பார்க்கிறவருக்கு ஒரு வசதி உண்டு: எந்தப் படகாக இருந்தாலும் உடைகிற இடம் பெரும்பாலும் அதேதான்.

முதல் வேலை எடை. வெறும் ஹல் சுமார் 59 கிலோ இருக்க வேண்டும். காயலான் கடையில் தொங்கு தராசு இருக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பின்பக்க வடிகால் மூடியைத் திறந்து, அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். பழைய படகுக்கு இரண்டு மூன்று கிலோ கூடுதல் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். எட்டுப் பத்து கிலோ கூடுதல் என்றால் உள்ளே நுரையெல்லாம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். அது வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் காய்கிற சமாச்சாரம் இல்லை.

அடுத்தது பாய்மரம் நிற்கும் குழி. லேசரில் பாய்மரத்தைத் தாங்க இரும்புக் கம்பி எதுவும் கிடையாது. காற்று கொடுக்கும் மொத்த நெம்பு விசையும் இந்தக் குழியின் அடியிலும் டெக்கின், அதாவது மேல்தளத்தின், விளிம்பிலும்தான் இறங்குகிறது. போதாக்குறைக்கு மணல். கடற்கரையிலிருந்து படகை இறக்கும்போது ஒரு கைப்பிடி மணல் குழிக்குள் விழுந்தால், ஓட்டம் முழுக்கப் பாய்மரத்தின் அடி அதைச் சுழற்றி அரைத்துக்கொண்டே இருக்கும். நாளடைவில் அடி ஃபைபர் தேய்ந்து ஓட்டையாகிவிடும்.

சோதிப்பது சுலபம். குழியைத் துடைத்துவிட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கால் மணி நேரம் விற்பவரோடு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோட்டிலிருந்து மட்டம் இறங்கியிருந்தால் குழி ஒழுகுகிறது. அப்புறம் பாய்மரத்தின் கீழ்த்துண்டைக் குழியில் செருகி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். டெக் கூடவே அசைந்தாலோ, உள்ளிருந்து முனகல் சத்தம் வந்தாலோ, நான் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவேன். பலத்த காற்றில் அந்தக் குழி டெக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

டெக் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்துச் செய்தது. தகடு நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஓட்டுகிறவர் உட்காரும் இரு ஓரங்களும்தான் முதலில் மெத்தென்று ஆகும். பிறகு ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால், தர்பூசணி வாங்கும்போது தட்டுவதுபோல, ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். பிரிந்த இடம் 'டொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். விலை பேசும்போது வட்டங்களே உங்களுக்காகப் பேசும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி படகைக் கவிழ்த்துப் போடுங்கள், அடியில் பழைய டயர் இரண்டு வைத்து. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் அணியத்திலிருந்து கண்ணை ஓட்டினால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். டிராலியின் தாங்கு கட்டைகள் பட்ட இடத்தில் குழிவு இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்காக அப்படியே நிறுத்திய படகில் அது சகஜம். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரியும் கீறல் எதிலோ மோதியதால் வந்தது. பெரும்பாலும் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சோடு நின்றிருக்கும். ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிவரியாக ஓடும் கீறல்தான் பயப்பட வேண்டியது, அந்த இடம் மடங்கி மடங்கி நிமிர்கிறது என்று பொருள். இரண்டு உள்ளங்கையாலும் அங்கே அழுத்துங்கள், உள்வாங்கினால் ஃபைபர் களைத்துவிட்டது. டாகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் இறக்கும் பலகை) இறங்கும் துளையின் மூலைகளை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். தரை தட்டிய படகு என்றால் துளையின் பின்மூலை காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்பூச்சில் நிறம் மாறிய திட்டு இருந்தால் அங்கேயும் தட்டுங்கள். கார் பட்டறை புட்டியால் அடைத்த ஓட்டை மந்தமாகக் கேட்கும். உப்புத் தண்ணீரில் அது நிற்காது.

சுக்கான் மாட்டும் கொக்கிகளைப் பிடித்து இழுங்கள். ஆடினால் அந்த ஸ்குரூ வழியாகத் தண்ணீர் போகிறது. இதை நீங்களே சரிசெய்யலாம்.

கடைசியாகக் காற்றுச் சோதனை. காக்பிட்டின், அதாவது ஓட்டுகிறவர் கால் வைக்கும் பள்ளத்தின், முன்சுவரில் மேலே ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும், அதை டேப்பால் ஒட்டுங்கள். டெக்கும் ஹல்லும் சேரும் விளிம்பு, குழி, கொக்கிகள், காக்பிட் தண்ணீரை வெளியேற்றும் பெய்லர் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரை பிரஷால் தடவுங்கள். வடிகால் துளையில் ஒரு குழாய் வைத்து வாயால் ஊதினாலே போதும், ஒழுகும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைத் தயவுசெய்து பக்கத்தில் கொண்டுவராதீர்கள், டெக் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். முடிந்ததும் டேப்பை மறக்காமல் பிரித்துவிடுங்கள். மூச்சுத் துளையும் வடிகாலும் அடைபட்ட படகைச் சென்னை வெயிலில் விட்டால், உள்ளே சூடாகும் காற்றும் அதே வேலையைத்தான் செய்யும்.

விளிம்பில் ஓரிரு இடம் கொப்பளித்தால் எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாம், அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். டெக் ஓரம் சிறிது மெத்தென்று இருந்தாலும் பழகுவதற்கு அந்தப் படகு போதும். குழி ஒழுகி, எடையும் ஏறியிருந்தால், பாய், பாய்மரம், சுக்கான், டிராலி இவற்றுக்கு மட்டும் ஒரு விலை சொல்லிப் பாருங்கள். ஹல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும்.