டைவிங் சிலிண்டர் நிரப்பும் கொம்பிரசருக்கு ஒயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயருக்குக் காற்றடிக்கும் மெசின் 8, 10 பாரோடு (பார் என்பது அமுக்கத்தின் அலகு) நின்றுவிடும். பாசிக்குடாவில் சுழியோடிகளின் சிலிண்டரை நிரப்பும் கொம்பிரசர் 200 முதல் 300 பார் வரை அமுக்குகிறது. அதிலிருந்து வரும் காற்று நேரே மனிதனின் நுரையீரலுக்குப் போகிறது. ஒயில் வாங்கும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

மிக மோசமான தவறு, கராஜில் கிடைக்கும் இஞ்சின் ஒயிலை ஊற்றுவது. கரியைக் கழுவுவதற்காக அதில் சேர்த்திருக்கும் இரசாயனங்கள் இங்கே காற்றின் ஈரத்திலிருந்து சேரும் தண்ணீரை ஒயிலோடு பிணைத்துப் பால்போல் ஆக்கும். காற்றைப் படிப்படியாக அமுக்கும் மெசினின் கடைசிக் கட்டத்துச் சூட்டில் சாம்பலாகி வால்வில் படியும். வால்வு முழுதாக மூடாவிட்டால் அமுக்கிய சூடான காற்றே திரும்பி வந்து மறுபடி அமுங்கும், சூடு இன்னும் ஏறும். ஒயில் கருகினால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை நினைத்துப் பாருங்கள். அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. அங்கே அமுக்கம் கரையில் உள்ளதைப்போல் 6 மடங்கு. சிலிண்டரில் 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) காபனோரொட்சைட்டு இருந்தால், உடம்பில் அது கரையில் 60 பிபிஎம் சுவாசித்ததுபோல் வேலைசெய்யும். ஈஎன் 12021 என்ற ஐரோப்பிய நியமம் அனுமதிப்பதோ 5 பிபிஎம்தான்.

பில்டர் இருக்கிறதே என்று ஆறுதல்படக் கூடாது. அதிலுள்ள வடிகட்டும் கரி ஒயில் ஆவியைப் பிடிக்கும், காபனோரொட்சைட்டை விட்டுவிடும். சில பில்டரில் இருக்கும் ஹொப்கலைட் என்ற வினையூக்கி அதைக் காபனீரொட்சைட்டாக மாற்றும். ஆனால் ஈரம் பட்டால் செயலிழக்கும். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரை வடியவிட வேண்டும்.

டப்பாவில் விஜி 100, விஜி 150 என்றிருப்பது ஒயிலின் தடிப்பை மட்டுமே சொல்கிறது. பட்டறைக் கொம்பிரசர் ஒயிலிலும் அதே எண் இருக்கும். சுவாசக் காற்றுக்கு உகந்தது என்ற குறிப்பும், உங்கள் மெசினின் கையேட்டுப் பட்டியலில் அதன் பெயரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வாங்காதீர்கள். எங்கள் வெயிலுக்கு, பட்டியலில் இருந்தால் சிந்தெடிக் (செயற்கை) ஒயிலே மேல்.

மினரல் (கனிய) ஒயிலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறுவோர் பழைய ஒயிலின் மிச்சத்தின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். எஸ்டர் வகைச் சிந்தெடிக் பழைய கரியைக் கழற்றும். கழன்ற கரி வால்வை அடைக்கும். மெசினைச் சூடாக்கி முழுதும் வடித்து, ஒயில் பில்டர் இருந்தால் மாற்றி, கடைசிக் கட்ட வால்வைக் கழற்றிப் பார்த்த பிறகே புதியதை ஊற்றுங்கள். முதல் முறை வழமையைவிட முன்கூட்டியே மறுபடி மாற்றுங்கள்.

சிறிய மெசின்கள் அரை லீற்றர் கூடப் பிடிக்காது. கொஞ்சம் கூடினாலே ஒயில் காற்றோடு மேலே ஏறும். சமதரையில், மெசின் நின்று சில நிமிடங்கள் கழித்து மட்டம் பாருங்கள்.

ஒயில் மாற்றவேண்டிய ஓட்ட மணிக்கணக்கு இன்னும் முடியவில்லை என்று பழைய ஒயிலோடு மாரி முழுவதும் நிறுத்திவைப்பதும் கெடுதி. அந்த ஒயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் பெயாரிங்கை அரிக்கும். சீசன் முடிந்ததும் வடித்துப் புதிய ஒயில் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டிவிட்டு மூடுங்கள்.