டிசைன் வேலைக்கு மவுஸ் வாங்கும் முன்

திருப்பூரில் டி-சர்ட் பிரிண்டுக்குக் கலர் செபரேஷன் செய்கிறவர், எம்பிராய்டரி யூனிட்டில் பஞ்சிங் (டிசைனைத் தையல் புள்ளிகளாக மாற்றுவது) போடுகிறவர், சென்னிமலை பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு கிராஃப் நிரப்புகிறவர், ஈரோட்டில் ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் செய்கிறவர் என எல்லாருக்கும் காலையிலிருந்து இரவு வரை கை மவுஸ் மேலேதான். மானிட்டருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிற இடத்தில்கூட மவுஸ் மட்டும் கம்ப்யூட்டரோடு வந்ததாகவே இருக்கும். மாற்றினாலும் பெட்டி மேல் போட்டிருக்கும் டி.பி.ஐ. எண்ணை (மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு) பார்த்து மாற்றுகிறார்கள். கைவலிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் குறைவு. மவுஸ் கைக்கு அளவாக இருக்கிறதா, பட்டன் எவ்வளவு அழுத்தம் கேட்கிறது, வீல் எப்படி உருள்கிறது, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்க.

முதலில் கையளவு. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்துக்குங்க. 17 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சின்னக் கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை. மவுஸின் நீளம் கை நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இருந்தால் சௌகரியம். 18 செ.மீ. கைக்கு 11 செ.மீ. மவுஸ் என்று கணக்கு. மவுஸ் சின்னதாகிவிட்டால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அதைக் கிள்ளிப் பிடித்தபடியே இருக்கும். சாயங்காலம் கட்டைவிரலின் அடிப்பக்கச் சதை வலிக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பெரிதாகிவிட்டால் வீலை எட்ட விரலை நீட்ட வேண்டியிருக்கும், மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும்.

டிசைனர்கள் பலரும் விரும்பும் லாஜிடெக் எம்.எக்ஸ். மாஸ்டர் 3எஸ் மவுஸின் நீளம் கிட்டத்தட்ட 12.5 செ.மீ., எடை 141 கிராம். 20 செ.மீ. கைக்கு அது அருமையான மவுஸ். 17 செ.மீ. கை உள்ளவர் பெயரைக் கேட்டு வாங்கினால் தினமும் அதைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் வேலை செய்வார். பாயின்ட் பாயின்டாக நகர்த்துகிற வேலைக்கு 70 முதல் 100 கிராம் வரை உள்ள மவுஸ் கைக்கு லேசு.

உங்கள் வேலை எந்தப் பட்டனைக் கேட்கிறது?

மவுஸ் பற்றிய பொதுவான அறிவுரைகள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. வில்காம் எம்பிராய்டரி சாஃப்ட்வேரில் பஞ்சிங் செய்யும்போது மூலைப் புள்ளிக்கு இடது கிளிக், வளைவுப் புள்ளிக்கு வலது கிளிக். பூ, கொடி டிசைன் என்றால் வலது பட்டன் இடதைவிட அதிகமாக அடிபடும். சில மவுஸ்களில் வலது பட்டன் கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆபீஸ் வேலைக்கு அது தெரியாது, பஞ்சிங்குக்கு நடுவிரல் சொல்லிவிடும். கடையில் வலது பட்டனை மட்டும் வேகமாக நூறு தடவை அழுத்திப் பாருங்க. பட்டனின் முன்நுனியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை என மாற்றி அழுத்தணும். நடுவில் அழுத்தும்போது ரொம்பக் கெட்டியாக இருந்தால் சின்னக் கைக்காரருக்கு அந்த மவுஸ் ஒத்துவராது.

கோரல்டிராவில் லோகோ ட்ரேஸ் செய்கிறவர்களுக்கு எதிரி டபுள் கிளிக் கோளாறு. பட்டனுக்குக் கீழே உள்ள மைக்ரோ சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்துபோனால் ஒரு அழுத்தலை மவுஸ் இரண்டாகச் சொல்லும். ஷேப் டூலில் நோட் (கோட்டின் வடிவத்தைப் பிடித்திருக்கும் புள்ளி) மேல் டபுள் கிளிக் விழுந்தால் அந்த நோட் அழிந்துவிடும். வளைவு திடீரென்று கோணலாகிறது, சாஃப்ட்வேரைத் திட்டுகிறோம், குற்றம் சுவிட்சில் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை நிதானமாக ஒரே ஒரு கிளிக் செய்துகொண்டே இருங்க. அது தானாகத் திறந்துகொண்டால் மவுஸை மாற்ற வேண்டியதுதான். ஆப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸில் உலோகம் உரசுவதில்லை, ஒளி தடைபடுவதை வைத்தே கிளிக் பதிவாகிறது. அதனால் இந்தக் கோளாறு வராது. கேமிங் மவுஸ் என்று விற்கப்படுபவற்றில் அது கிடைக்கும். கலர் விளக்கைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

வீலை அமுக்கிப் பிடித்துப் பக்கத்தை நகர்த்துகிறவர்கள் வீலின் அழுத்தத்தையும் பார்க்கணும். மலிவு மவுஸ்களில் அமுக்கும்போதே வீல் உருண்டு, நகர வேண்டிய பக்கம் ஜூம் ஆகிவிடும். வீல் கெட்டியாக இருந்தால் அமுக்குவதை விட்டுவிடுங்க. ஃபோட்டோஷாப்பில் ஸ்பேஸ் பாரை அழுத்தி இழுத்தாலே போதும், அந்தப் பாரம் இடது கைக்குப் போய்விடும்.

வெர்ட்டிகல் மவுஸ்

மேசை மேல் கையைக் கவிழ்த்து வைத்தால் முன்கை எலும்பு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று திருகி நிற்கும். வெர்ட்டிகல் மவுஸ் கைகுலுக்கும் நிலையில் கையை வைக்கிறது, திருகல் குறைகிறது. லாஜிடெக் லிஃப்ட் 57 டிகிரி சாய்வு. சின்ன, நடுத்தரக் கைக்கானது, இடது கைக்காரருக்கும் தனி மாடல் உண்டு. பெரிய கைக்கு அதே சாய்வில் எம்.எக்ஸ். வெர்ட்டிகல். ஆனால் ஒன்று: இதில் கிளிக் செய்யும் விசை பக்கவாட்டில் போகும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் தாங்காவிட்டால் கர்சர் கிளிக்கோடு சேர்ந்து நகரும். நுணுக்கமான நோட் வேலை முதல் இரண்டு வாரம் பிசகத்தான் செய்யும். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் வாரத்தில் மாறாதீங்க. மாறிய முதல் இரண்டு வாரமும் ஃபைல் பார்ப்பது, மெயில், லேஅவுட் மட்டும் இதில் செய்து, ட்ரேசிங்கைப் பழைய மவுஸிலேயே முடிப்பது நல்லது.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலைகிற அளவுக்கு வந்துவிட்டால் எந்த மவுஸும் மருந்து ஆகாது, டாக்டரைப் பாருங்க. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கை மேசை விளிம்பில் அழுந்துகிறதா என்று கவனிங்க.

பொருத்துவது

கம்ப்யூட்டர் டேபிளில் கீபோர்டு கீழே தட்டில், மவுஸ் மேலே பலகையில் என்று வைத்தால் தோள்பட்டை நாள் முழுக்கத் தூக்கியே இருக்கும். இரண்டும் முழங்கை உயரத்தில் ஒரே மட்டத்தில் இருக்கணும். நம்பர் பேடு இல்லாத கீபோர்டு வாங்கினால் மவுஸ் உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். விலைக்கு மீறிய நிம்மதி அது. கண்ணாடி மேசையில் சாதாரண ஆப்டிகல் மவுஸ் ஓடாது, பேடு போடணும்.

விண்டோஸ் மவுஸ் அமைப்பில் பாயின்டர் ஆப்ஷன்ஸ் போய் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ டிக்கை எடுத்துவிடுங்க, வேகக் கோட்டை நடுவில் வைங்க. அது டிக்கில் இருந்தால் ஒரே தூரம் நகர்த்தினாலும் வேகத்தைப் பொறுத்து கர்சர் வேறு வேறு இடத்தில் நிற்கும், கைக்குப் பழக்கம் பிடிபடாது. அப்புறம் டி.பி.ஐ. 1920 பிக்சல் அகல மானிட்டரில் 800 வைத்தால் திரையைக் கடக்க மவுஸ் 6 செ.மீ. நகரணும், 1600 என்றால் 3 செ.மீ. 4கே மானிட்டரில் 1600-க்கு அதே 6 செ.மீ. இந்த எல்லைக்குள் எது சுகமோ அதை வைங்க. அதற்கு மேல் ஏற்றினால் கர்சரை அசையாமல் பிடிக்கவே கை இறுகும்.

வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை (கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர்) யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில், ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் கலங்கி கர்சர் விட்டு விட்டு நகரும். 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்க.

பனியன் கம்பெனிக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருந்தால் பஞ்சு பறக்கும். சென்சார் துளையில் ஒரு இழை நின்றாலே கர்சர் நடுங்கும். வீல் அச்சில் சுற்றிக்கொண்டால் கீழே உருட்டும்போது பக்கம் மேலே குதிக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்து, காய்ந்த பிரஷ்ஷால் துளையையும் வீல் இடுக்கையும் தட்டிவிடுங்க. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். அடிப்பாதத்தில் ஒட்டிய அழுக்கைத் துணியால் துடைத்தால் மவுஸ் மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடும்.

கடைக்குப் போகும்போது, கோயம்புத்தூர் காந்திபுரமானாலும் உள்ளூர்க் கடையானாலும், டெமோ பீஸை நின்றபடி பிடித்துப் பார்க்காதீங்க. ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டுங்க. பில்லில் மாடல் எண் எழுதி வாங்கிக்குங்க. டபுள் கிளிக் கோளாறு வாரண்டி காலத்துக்குள் வந்தால் பல கம்பெனிகள் மாற்றித் தருகின்றன, பில் இல்லாவிட்டால் பேச முடியாது.